நினைவு மலருக்கு வந்த மங்கிய படங்கள்: பிடிஎஃப்பிலிருந்து படம் எடுத்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருபவர்களின் கையில் ஒரு நினைவு மலர் கொடுப்பது வழக்கம். கல்வெட்டு என்றும் சொல்வார்கள். தேவார திருவாசகம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்சாவழி, நன்றி நவிலல் என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. எட்டுச்செலவு என்ற எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகுதான் குடும்பத்தார் அச்சகத்துக்கு வருவார்கள். எழுதி, திருத்தி, அச்சிட்டு, கட்டி முடிக்க மிஞ்சுவது ஏறக்குறைய மூன்று கிழமை.

இந்த மலர்களில் வரும் படங்களைச் சாதாரண அலங்காரமாக எண்ணக்கூடாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது உடுப்பும் அடையாள அட்டையும் எடுத்தவர்கள் போட்டோ அல்பத்தை எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது பல வீடுகளில் அது இருக்கவில்லை. பிறகு வெளிநாட்டில் இருந்த உறவினர்களிடமிருந்து சேர்த்த படங்கள் ஏதோ ஒரு நினைவு மலரில் ஏறின. அந்த மலரின் பிடிஎஃப் மட்டும் மின்னஞ்சலில் தங்கியது. இப்படிப் பல குடும்பங்களுக்கு ஒரு பழைய பிடிஎஃப்தான் அல்பம். அடுத்த மலருக்கு அதிலிருந்துதான் படம் எடுக்கவேண்டியிருக்கிறது. எடுக்கும் முறை பிழைத்தால் முகங்கள் ஒவ்வொரு தலைமுறை அச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகும்.

அச்சகத்தில், பக்க வடிவமைப்பில் இருந்தபடி நான் பார்த்த ஒரு வேலையை இங்கே பதிவுசெய்கிறேன். குடும்பத்தாரின் சம்மதத்துடன் எழுதுகிறேன். அடையாளம் காட்டும் விபரங்களை நீக்கியிருக்கிறேன்.

காலமானவர் வலிகாமத்தைச் சேர்ந்த இளைப்பாறிய ஆசிரியை. மூத்த மகன் ரொறன்ரோவில், மகள் ஊரில். கணவர் 2012 இல் காலமானபோது வெளியிட்ட நினைவு மலரின் பிடிஎஃப், அம்மா முன்னர் படிப்பித்த பாடசாலையின் பொன்விழா மலரைப் பழைய மாணவர் ஒருவர் ஸ்கேன் செய்து அனுப்பிய பிடிஎஃப், ஆக இரண்டு கோப்புகள்தான் அவர்களிடம் இருந்தன. கணவரின் மலரை அச்சிட்ட அச்சகம் இப்போது இல்லை. அதற்காக ஸ்கேன் செய்த படங்கள் இருந்த கணினியும் இல்லை.

முதல் புரூஃப்

மகளின் மகன், உயர்தரம் படிக்கும் பையன், எல்லாவற்றையும் வேர்டில் யூனிகோடில் ரைப் செய்து, படங்களையும் உரிய இடங்களில் ஒட்டி பென் ட்ரைவில் கொண்டுவந்தார். எழுத்து வேலை மிகச் சுத்தம். திதி வெண்பாவில்கூட ஓர் ஒற்றுப் பிழை இல்லை. ஆனால் படங்களைப் பக்கத்தில் வைத்து புரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுத்தபோது எல்லா முகங்களும் கலங்கித் தெரிந்தன.

மகள் புரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தம்பி, இதிலை அம்மாவின்ரை கண்ணே தெரியேல்லை. கொம்பியூட்டரிலை வடிவாத்தானே இருந்தது?” என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானது. திரையில் வடிவாக இருப்பது தாளில் ஏன் கெடுகிறது என்பதிலிருந்துதான் இந்த வேலை முழுவதும் தொடங்கியது.

வேர்ட் கோப்பின் டொக்எக்ஸ் வடிவம் உண்மையில் ஒரு ஸிப் பொதி. அதன் பிரதி ஒன்றின் பின்னொட்டை ஸிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே மீடியா என்ற கோப்புறையில் ஒட்டிய படங்கள் தனித்தனியாக இருக்கும். பார்த்தோம். குடும்பப் படத்தின் அகலம் 290 பிக்சல். மலரில் அது 10 சென்ரிமீற்றர் அகலத்தில் வரவேண்டும். ஒஃப்செட் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிட்டால் 1181 பிக்சல் தேவை. வந்திருப்பது அதில் கால்வாசி.

காரணத்தைப் பையனே சொன்னார். பிடிஎஃப்பின் முழுப் பக்கமும் மடிக்கணினித் திரையில் தெரியும்படி வைத்து, படத்தைச் சுற்றிக் கட்டமிட்டு ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஒட்டியிருந்தார். ஸ்கிரீன்ஷொட் பிரதியெடுப்பது திரையில் அந்த நேரம் தெரியும் புள்ளிகளை மட்டும்தான். பக்கம் சிறிதாகத் தெரிந்தால் படமும் சிறிதாகவே வரும். அக்ரோபாட் ரீடரில் உள்ள ஸ்னப்ஷொட் கருவியும் இதே போலத்தான்: எந்த அளவில் பெரிதாக்கி வைத்திருக்கிறோமோ அந்த அளவுக்கே எடுக்கும், விருப்பத் தெரிவுகளில் நிலையான பிக்சல் அளவொன்றைக் கொடுத்திருந்தால் தவிர. கோப்பின் உள்ளே எவ்வளவு நல்ல படம் இருந்தாலும் இந்த வழியில் அது கைக்கு வராது.

செயலி தெளிவாக்கிய முகம்

நாம் காரணம் தேடிக்கொண்டிருக்கையில் பையன் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய படங்களின் முகங்களைத் தெளிவாக்கும் ஒரு கைப்பேசிச் செயலியில் அதே 290 பிக்சல் படத்தைக் கொடுத்து, பெரிதாக்கிய படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார். பார்த்தவுடன் எல்லோருக்கும் சந்தோஷம். இமை மயிர்கூடத் தெரிந்தது.

மகள் மட்டும் திரையைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது ஆரோ வேற ஆள். அம்மாவுக்கு இந்த வாய் இல்லை” என்றார். இடது கன்னத்து மச்சமும் காணாமற் போயிருந்தது.

அந்தப் படத்தைப் பயன்படுத்துவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தோம். இவ்வகைச் செயலிகள் இல்லாத விபரத்தைக் கண்டுபிடிப்பதில்லை. ஏராளமான வேறு முகங்களிலிருந்து கற்ற மாதிரிகளைக் கொண்டு ஊகித்து நிரப்புகின்றன. பூவுக்கும் சுவருக்கும் அது பொறுக்கலாம். பேரப்பிள்ளைகள் அம்மம்மா இப்படித்தான் இருந்தா என்று நம்பப்போகிற முகத்துக்கு அது பொறுக்காது. மங்கிய படம் என்றாலும் அது அவருடைய படம். இந்த முடிவில் எனக்கு இன்றும் ஐயம் இல்லை.

கோப்பின் உள்ளிருந்து எடுத்தல்

பிடிஎஃப் பக்கம் என்பது ஒரே படமாக வரையப்பட்ட தாள் அல்ல. எழுத்துகள் எழுத்துகளாகவும், கோடுகள் கோடுகளாகவும், போட்டோக்கள் தனித்தனிப் படப் பொருட்களாகவும் அதனுள் இருக்கின்றன. பக்கத்தில் எந்த அளவில் காட்டினாலும் படப் பொருளின் பிக்சல்கள் மாறுவதில்லை. ஆகவே பக்கத்தைப் படம் பிடிக்காமல் படப் பொருளையே வெளியே எடுக்கவேண்டும். இந்த வேலை பற்றி நான் சொல்லவந்தது இதைத்தான்.

எங்களிடம் போட்டோஷொப் இருந்தது. பிடிஎஃப் கோப்பைத் திறக்கும்போது வரும் பெட்டியில் ‘பக்கங்கள்’, ‘படங்கள்’ என்று இரண்டு தெரிவுகள் உண்டு. அவசரத்தில் பலரும் முதலாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டாவதைத் தெரிந்தால் கோப்பினுள் உள்ள படங்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றும் தன் சொந்தப் பிக்சல் அளவில் திறக்கும். போட்டோஷொப் இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் பொப்ளர் என்ற மென்பொருள் தொகுதியில் பிடிஎஃப்இமேஜஸ் என்ற கட்டளைக் கருவி உண்டு. ‘லிஸ்ட்’ என்று கேட்டால் எந்தப் பக்கத்தில் எந்தப் படம், எத்தனை பிக்சல், அங்குலத்துக்கு எத்தனை என்று அட்டவணை தரும். ‘ஓல்’ என்று கேட்டால் படங்களைச் சேமித்த வடிவிலேயே, ஜேபெக்கை ஜேபெக்காகவே, வெளியே போடும். மறுபடி அமுக்கப்படாததால் தரம் குறையாது.

அந்த அட்டவணையை முதலில் எடுத்தது பெரிய நன்மையாயிற்று. குடும்பப் படம் 394 பிக்சல் என்று காட்டியது. 10 சென்ரிமீற்றருக்கு 394 என்றால் அங்குலத்துக்குச் சரியாக 100. இந்த எண் தற்செயலாக வருவதில்லை. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ‘மிகச் சிறிய கோப்பு’ என்ற தெரிவில் பிடிஎஃப் எடுத்தால் வண்ணப் படங்களை அது அங்குலத்துக்கு 100 பிக்சலாகக் குறைத்துவிடும். ஆகவே எங்கள் கையில் இருந்தது உறவினருக்கு அனுப்ப 2012 இல் தயாரித்த சிறிய பிரதி என்று தெளிவாயிற்று. இதிலிருந்து எந்தக் கருவியால் எடுத்தாலும் 394க்கு மேல் ஒரு பிக்சலும் வராது.

இங்கே இரண்டு வழிகள் இருந்தன. 394 பிக்சலை ஏற்று, படத்தை ஏறக்குறைய 3.3 சென்ரிமீற்றருக்குச் சுருக்கிப் போடலாம். அல்லது அச்சுக்கென்று தயாரித்த பெரிய பிடிஎஃப் எங்காவது இருக்கிறதா என்று தேடலாம். நாள் குறைவு என்றாலும் தேட முடிவெடுத்தோம். 2012 இல் அச்சகத்துக்கு இறுதிக் கோப்பு மின்னஞ்சலில்தான் போயிருக்கும், அதைப் பார்வைக்கென்று மூத்தவருக்கும் அனுப்பியிருப்பார்கள் என்று ஊகித்தோம். ரொறன்ரோவுக்கு அழைப்பு எடுத்து, “அண்ணை, அந்த வருசத்து மெயிலிலை பெரிய அட்டாச்மென்ட் ஏதும் கிடக்கோ எண்டு ஒருக்கால் பாருங்கோ” என்று கேட்டோம். அடுத்த நாள் காலை 18 மெகாபைட் கோப்பொன்று வந்தது. மின்னஞ்சலிலேயே அனுப்பச் சொல்லியிருந்தோம். வட்ஸ்அப்பில் என்றால் ஆவணமாக இணைத்தால் மட்டுமே கோப்பு அப்படியே வரும். படமாக அனுப்பினால் அது தானே அமுக்கிவிடும்.

சட்டத்துக்கு வெளியே நின்றவர்

பெரிய கோப்பில் குடும்பப் படம் அங்குலத்துக்கு 300 பிக்சலில் இருந்தது. ஆனால் அகலம் 1181 அல்ல, 1476. வெளியே எடுத்துத் திறந்தபோது காரணம் தெரிந்தது. மலரின் பக்கத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நான்கு பேர். கோப்பினுள் இருந்த படத்தில் ஐந்து பேர். வலது ஓரத்தில் அம்மாவின் கதிரையில் கை வைத்தபடி பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவர்.

இன்டிசைனில் படத்தை ஒரு சட்டத்துள் வைத்து ஓரத்தை மறைத்தால், மறைந்த பகுதி அழிவதில்லை. பிடிஎஃப் எடுக்கும்போது படத்தைச் சட்ட அளவுக்கு வெட்டும் தெரிவு நிறுத்தப்பட்டிருந்தால் முழுப் படமும் உள்ளே போகும். சிறிய பிரதியில் வெட்டியிருந்தார்கள், பெரியதில் வெட்டவில்லை.

தொழில்நுட்பக் குறிப்பாக மட்டும் இதைக் கடந்துபோக முடியாது. வெட்டியவர் காரணத்தோடுதான் வெட்டியிருப்பார். அந்தக் காரணம் குடும்பத்துக்குரியது. அதனால் அந்தப் படத்தைப் பக்கத்தில் வைக்கவில்லை, புரூஃப் எடுக்கவில்லை, எல்லோரும் இருந்த வட்ஸ்அப் குழுவில் போடவில்லை. மகளைத் தனியே வரச்சொல்லித் திரையில் காட்டினோம்.

அவர் சொன்னது சுருக்கம். இரண்டாவது சகோதரர். தொண்ணூறுகளில் வீட்டை விட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. “அப்ப போட ஏலாமல் இருந்தது” என்றார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அண்ணாவோடு கதைத்துவிட்டுச் சொல்வதாகப் போனார்.

அன்றிரவே தொலைபேசியில் முடிவு வந்தது: “முழுசாப் போடுங்கோ தம்பி. பேரும் வரிசையிலை வரட்டும்.” படத்தின் கீழ் ஐந்து பெயர்களும் இடமிருந்து வலமாக இடப்பட்டன. அவருடைய பெயருக்கு முன் அமரர் என்று போடவேண்டாம் என்பது அம்மாவின் பழைய விருப்பம் என்றும் மகள் சொன்னார். வம்சாவழியிலும் அவ்வாறே வைத்தோம்.

கறுப்புப் பின்னணியும் நெகட்டிவ் நிறமும்

அட்டைக்கான அம்மாவின் தனிப்படம் முட்டை வடிவில், ஓரம் மெல்ல மறையும்படி அமைந்திருந்தது. பிடிஎஃப்இமேஜஸ் கருவியால் எடுத்தபோது அது இரண்டு கோப்புகளாக வந்தது: ஒன்று கறுப்புப் பின்னணியுடன் கூடிய சதுரப் படம், மற்றது வெள்ளை முட்டை மட்டும். பிடிஎஃப்பில் ஒளிபுகும் ஓரங்கள் இப்படித்தான் தனி மறைப்பாகச் சேமிக்கப்படுகின்றன. இரண்டாவதை முதலாவதின் மேல் லேயர் மாஸ்க்காக வைத்தவுடன் சரியாயிற்று.

அதே படத்தின் நிறங்களும் சாதாரணப் படக்காட்டியில் நெகட்டிவ் போலத் தெரிந்தன. நாலு நிற அச்சுக்கான ஜேபெக்கை அடோபி மென்பொருட்கள் பெறுமானங்களைத் தலைகீழாக்கிச் சேமிப்பது உண்டு. திருப்பிப் படிக்கவேண்டும் என்ற குறிப்பு பிடிஎஃப்பினுள் வேறாக இருக்கும், படம் தனியே வெளியே வரும்போது அந்தக் குறிப்பு கூட வராது. போட்டோஷொப்பில் நேரடியாகத் திறந்தபோது நிறம் சரியாக இருந்தது.

எடுத்த படங்களைப் பக்கத்துக்குக் கொண்டுபோகும்போது கொப்பி, பேஸ்ட் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். விண்டோஸின் தற்காலிக நினைவகம் வழியாகப் போகும் படம் பல மென்பொருட்களில் வெறும் திரை நிறப் பிட்மப் ஆகிவிடுகிறது. அச்சு நிறமும் ஒளிபுகும் ஓரமும் வழியில் தொலைகின்றன. இன்டிசைனில் ஒட்டிய பிட்மப் இணைப்புப் பட்டியலிலும் வராது, பிறகு மாற்றவோ அளவு பார்க்கவோ முடியாது. ஒவ்வொரு படத்தையும் டிஃப் கோப்பாகச் சேமித்து ‘பிளேஸ்’ கட்டளை கொடுத்தே வைத்தோம். வேர்டில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு சொல்: சேமிக்கும்போது அது படங்களை இயல்பாகவே அங்குலத்துக்கு 220 பிக்சலுக்குக் குறைக்கும். மேம்பட்ட தெரிவுகளில் படங்களை அமுக்காதே என்ற குறியை முதலிலேயே இட்டுவிடவேண்டும்.

பொன்விழா மலரில் இருந்த ஆசிரியர்களின் குழுப் படம்

இது எல்லாவற்றிலும் கடினம். அம்மா இளவயதில் சக ஆசிரியர்களுடன் வரிசையில் நிற்கும் படம். உள்ளிருந்து எடுத்தபோது முகங்கள் துண்டாடப்பட்டு வந்தன. ஒரு கோப்பில் மங்கிய சாம்பல் முகங்கள், தலைமயிர் இல்லாமல். இன்னொன்றில் தலைமயிரும் மீசைகளும் எழுத்துகளும் மட்டும், தனிக் கறுப்பில். ஸ்கேன் கோப்பைச் சிறிதாக்கும் சில மென்பொருட்கள் பக்கத்தை எழுத்துப் படை, பின்னணிப் படை எனப் பிரித்து, பின்னணியைக் கடுமையாகக் குறைத்துவிடும். கருமையான மயிரை எழுத்து என்று எண்ணிவிடும். எழுத்து வாசிக்க அது நல்ல முறை. போட்டோவுக்கு அல்ல.

இங்கு மட்டும் முறையை மாற்றினோம். படப் பொருளை எடுக்காமல், பக்கத்தையே போட்டோஷொப்பில் ‘பக்கங்கள்’ தெரிவில் அங்குலத்துக்கு 300 பிக்சலாகத் திறந்தோம். படைகள் ஒன்று சேர்ந்தன. முகங்கள் மங்கல்தான், ஆனால் முழுமையாக இருந்தன. அதுவே கடைசிக் கைப்பிடி என்று வைத்துக்கொண்டு, அச்சுப் பிரதியைத் தேடினோம்.

அம்மாவுடன் படிப்பித்த இளைப்பாறிய ஆசிரியை ஒருவரிடம் அது இருந்தது. கறையான் ஓரத்தைத் தின்றிருந்தாலும் அந்தப் பக்கம் தப்பியிருந்தது. “புத்தகத்தைத் தரமாட்டன் பிள்ளை, இங்கை வந்து எடுங்கோ” என்றார். ஸ்கேனரையும் மடிக்கணினியையும் அவர் வீட்டுக்கே கொண்டுபோய் அங்குலத்துக்கு 600 பிக்சலில் எடுத்தோம். ஏற்கெனவே அச்சான படம் புள்ளிகளால் ஆனது. அதை அப்படியே மறுபடி அச்சிட்டால் இரண்டு புள்ளி வரிசைகளும் மோதி அலை அலையாகக் கோலம் விழும். அதனால் ஸ்கேனரின் புள்ளி நீக்கும் தெரிவைப் போட்டு எடுத்து, பிறகு 300க்குக் குறைத்தோம். பாடசாலை அதிபரிடமும் தொலைபேசியில் அனுமதி கேட்டோம்.

விளைவு

மலர் அந்தியேட்டிக்கு முதல் நாள் மாலை கட்டி முடிந்தது. குடும்பப் படம் ஐந்து பேருடன் பக்க அகலத்துக்கு வந்தது. அம்மாவின் கன்னத்து மச்சம் தெரிந்தது. குழுப் படத்தில் அம்மாவையும் பக்கத்தில் நிற்பவர்களையும் இனங்காண முடிந்தது, பின்வரிசை முகங்கள் சில மங்கலாகவே இருந்தன. அச்சுப் பிரதியே அப்படித்தான் இருந்தது என்பதால் அதில் கை வைக்கவில்லை. ஒரு திருமணப் படத்துக்குப் பெரிய கோப்பிலும் 300க்குக் குறைவான பிக்சலே கிடைத்தது. கிடைத்த பிக்சல் தாங்கும் அளவுக்கு, சிறிதாகப் போட்டோம். குடும்பத்தார் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

மாற்றியவை

வேலை வாங்கும்போதே இப்போது மூலக் கோப்பைக் கேட்கிறோம்: வேர்டில் ஒட்டிய படம் மட்டும் போதாது, படம் எங்கிருந்து வந்ததோ அந்தப் பிடிஎஃப்பும் வேண்டும். பிடிஎஃப் வந்தவுடன், பக்கம் கட்டத் தொடங்கமுன், பட அட்டவணையை எடுத்துவிடுகிறோம். அங்குலத்துக்கு 100, 150 என்று வட்டமான எண்கள் வந்தால் அது குறைத்த பிரதி. பெரியது யாரிடமாவது இருக்கக்கூடும் என்று அந்த நேரமே குடும்பத்தாரிடம் சொல்கிறோம். பிரதியெடுக்கத் தடை போட்ட கோப்பு என்றால் ஆவணப் பண்புகளின் பாதுகாப்புப் பகுதியில் தெரியும். பூட்டை உடைப்பதில்லை, தயாரித்தவரைக் கேட்கிறோம். பக்கத்தில் தெரிந்ததை விடப் பெரிய படம் உள்ளிருந்து வந்தால் வீட்டுப் பொறுப்பானவர் ஒருவருக்கு மட்டும் முதலில் காட்டுவது என்பது எழுதி ஒட்டிய விதியாகிவிட்டது.

கொடுக்கும்போதும் மாற்றம் உண்டு. உறவினருக்குப் பகிரும் சிறிய பிடிஎஃப்பில் படங்களைச் சட்ட அளவுக்கு வெட்டும் தெரிவு எப்போதும் போடப்படும். குடும்பத்துக்கு அதோடு அச்சுப் பிடிஎஃப்பும், படங்கள் முழு அளவில் டிஃப் கோப்புகளாக இருக்கும் தனிக் கோப்புறையும் பென் ட்ரைவில் போகும். ஊரில் ஒன்று, வெளிநாட்டில் ஒன்று. ‘நூலகம்’ என்ற பெயருடைய எண்ணிம நூலகம் 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவருகிறது, அதில் நினைவு மலர்களும் உண்டு. விரும்பும் குடும்பங்களுக்கு அந்த வழியையும் சொல்கிறோம். இந்தக் குடும்பம் கோப்புறையில் இருந்து குழுப் படத்தின் 600 பிக்சல் ஸ்கேனைப் பாடசாலைக்கும், புத்தகத்தைக் காத்துவைத்திருந்த ஆசிரியைக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்திருக்கிறது.